பதினான்காம் கேள்விக்கு ஏழு பெயர்கள்

1

இந்த ஊரில் ஜூன் மாதம் மழை பெய்தால் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் மட்டும் ஜன்னலைத் திறந்து மூக்கை வெளியே நீட்டுவேன். தென்காசியில் பிறந்தவளுக்கு ஆனி மாதத் தூறலைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வராது. தூறினால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். இங்கே மலையும் இல்லை, அருவியும் இல்லை, பஞ்சாலைப் புகைபோக்கிகள்தான் இருக்கின்றன. இருந்தாலும் மூக்கு பழைய கணக்கிலேயே இருக்கிறது.

அப்படி மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் தபால்காரர் பழுப்புக் கவர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். உள்ளே ஆறு பக்கப் படிவம். வட இங்கிலாந்தின் இந்த ஆலை நகரத்துக்கு வெளியே பெரிய மனநல மருத்துவமனை ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷமாக அங்கே நர்ஸாக இருக்கிறேன். பெண்கள் வார்டு ஒன்றுக்கு சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், பதவி காலியாகப் போகிறது, விண்ணப்பம் போடு என்று மேட்ரன் அம்மாள் சொல்லியிருந்தார். அதற்கான படிவம் அது.

படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரி. வந்த நாள் முதல் நிரப்பிக்கொண்டுதானே இருக்கிறேன். பெயர் என்றால் மாரியம்மாள் என்று எழுத வேண்டும். வார்டில் மேரி என்று கூப்பிட்டால் திரும்ப வேண்டும். குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயர், தெருப் பெயர் கேட்டால் ஊர்ப் பெயர். இப்படிக் கேள்விக்கு ஒரு பொய்யில்லாத பதில் வைத்திருக்கிறேன். பதின்மூன்று கேள்வி வரை பேனா ஓடியது. பதினான்கில் நின்றுவிட்டது.

உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்ததுண்டா? உண்டெனில் அவர் பெயர், உறவு முறை, சிகிச்சை அளித்தவர் பெயர், முகவரி.

வேலைக்குச் சேர்ந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அன்றைக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அது பொய்.

என் வீட்டுக்காரர் செங்கோட்டைக்காரர். இங்கே பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் எந்தச் சிக்கலையும் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

"இப்பவும் இல்லன்னே போடேன் மாரி. தென்காசிக்கு வந்து ஆரு விசாரிக்கப் போறா?" என்றார்.

"உண்டுன்னு போட்டா என்னவாம்?"

"பரம்பரைச் சீக்குன்னு ஒன் தலையில கட்டிட்டு வேலைய வேற ஒருத்திக்குக் குடுத்திருவான். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. நாள் முழுக்க நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் 'இதில் மறைக்க ஒன்றுமில்லை' என்று பாடம் நடத்துகிறவள் நான். மாலையில் வீட்டுக்கு வந்து மறைக்கிறவளும் நானே. என்னைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. உண்டு என்று எழுதினால் எழுதப்போவது என் பெயர் இல்லை, என் மதினியின் பெயர். அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது? படிவத்தைத் திருப்பி அனுப்ப ஐந்து வாரம் கெடு. நீலக் கடிதத்தாள் ஒன்றை எடுத்து, 'மதினி, உன் பெயரை எழுதட்டுமா?' என்று கேட்டு அன்றைக்கே தபாலில் போட்டேன்.

2

மதினி என் அண்ணனின் மனைவி. பெயர் இசக்கியம்மாள்.

எங்கள் தெரு தென்காசியின் ஓரத்தில், ஊர் முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும் இடத்துக்கும் அப்பால் இருந்தது. ஆண்கள் பிறத்தியார் வயலில் வேலைக்குப் போனார்கள். பெண்கள் பீடி சுற்றினோம். வீடுகளுக்கு நடுவே ஒரு முடுக்கு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தில்தான் மடியில் சொளவை வைத்துக்கொண்டு வரிசையாக உட்காருவோம். உங்கள் பக்கத்தில் முறம் என்பீர்கள், எங்களுக்குச் சொளவு. அதில் ஒரு பக்கம் அளவாக நறுக்கிய இலை, மறுபக்கம் புகையிலைத் தூள், நடுவில் நூல். வாய் ஊர்க்கதை பேசும், கை தன்பாட்டுக்குச் சுற்றும்.

மதினி சுற்றுகிற பீடியை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. ஒரு சுருக்கம் இருக்காது, தலை மடிப்பு பெட்டி மூடியதுபோல் உட்கார்ந்திருக்கும். கடைக்கார அண்ணாச்சி மற்றவர்கள் கட்டை அமுக்கிப் பார்ப்பார், உருட்டிப் பார்ப்பார், பாதியைக் கழித்து வீசுவார். மதினி கட்டைப் பார்க்காமலே கூடையில் போடுவார். அதற்கேற்ற வாய்த் துடுக்கும் அவளுக்கு உண்டு. பக்கத்துச் சொளவில் ஒரு பீடி கோணலாகக் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. எடுத்துப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு, "ஏட்டி, இது பீடியா, பிள்ளைக்கு வாயில வைக்கிற சூப்பானா?" என்பாள். முடுக்கே சிரிக்கும். திட்டு வாங்கினவளும் சிரிப்பாள்.

முதல் பிள்ளை பிறந்தது, பெண். பிறந்து இரண்டு வாரம் இருக்கும், மதினி பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றை முன்னால் வைத்தால் அது ஆறும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை அழுதால் திரும்ப மாட்டாள். ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுப் பக்கம் வெகுநேரம் நின்றாள். எதற்காக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பிள்ளையை ஆய்க்குடியில் இருந்த மதினியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு எனக்குத் தெரியும், பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற நோய் அது. எங்கள் மருத்துவமனையில் அதற்குப் பெயரும் மருந்தும் இருக்கின்றன. அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: கோட்டி. பைத்தியத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து ஓய்வு கொடுங்கள் என்றார். ஓய்வு என்றால் எங்கள் தெருவில் என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. கோடாங்கிக்காரர் உடுக்கை அடித்தார். ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது என்றார், அது எது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். தூரத்தில் ஒரு கோயில், புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டுவிட்டு வருவார்கள். தெளிந்தால் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. குற்றாலத்தில் சாரல் காலம் முடிவதற்குள் தெளியாவிட்டால் மதினியை அங்கே கொண்டுபோவது என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வயலுக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டு மாட்டுச் சங்கிலி ஒன்றை இரவல் வாங்கி வந்து அம்மா வாசல் ஆணியில் மாட்டி வைத்தாள்.

அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். எனக்கும் பயம்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. போகிறபோதும் வருகிறபோதும் அந்தச் சங்கிலி என் கண்ணில் படும். மதினி கண்ணிலும் பட்டிருக்கும்.

3

கடிதம் போட்டு இரண்டு வாரம் ஆகியும் பதில் வரவில்லை. மருத்துவமனை அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் போன் செய்து, படிவம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். நிரப்பிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆறு பக்கம்தானே என்றாள்.

வார்டில் சுபைதா என்று ஒரு பெண் இருக்கிறாள். பாகிஸ்தானில் இருந்து வந்து பஞ்சாலைக்குப் பின்னால் உள்ள சந்துகளில் குடியிருக்கும் குடும்பம். மூன்று மாதமாக வாய் திறக்காமல் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பாஷை பேச அங்கே யாரும் இல்லை. எனக்கும் தெரியாது. ஆனால் தோல் நிறத்தைப் பார்த்துவிட்டு, "மேரி, உங்க ஊர்க்காரிதானே, நீ பேசிப் பாரேன்" என்பார்கள். தென்காசிக்கும் அவள் ஊருக்கும் நடுவில் எத்தனை ரயில் மாற வேண்டும் என்று சொல்லி முடியாது. ஒத்துழைக்க மறுக்கிறாள் என்று அவள் அட்டையில் எழுதியிருக்கிறது. யாரோடு ஒத்துழைப்பாள், எந்த பாஷையில் ஒத்துழைப்பாள் என்று அட்டையில் இல்லை.

ஆரம்பத்தில் நானும் செய்த கூத்துகள் உண்டு. வேலை முடிந்து புறப்படும்போது போகிறேன் என்று சொல்ல நம் வாய்க்கு வருமா? 'வருகிறேன்' என்பதைத்தான் இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் ஒரு கிழவியம்மாள் முந்தின நாள் மாலையில் இருந்து எனக்காக ஜன்னலில் காத்திருந்தாளாம். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, நோயாளிகளுக்குப் பொய் வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்று கண்டித்தார். அன்றில் இருந்து 'போகிறேன்' என்று சொல்லிப் பழகினேன். சொல்லும்போதெல்லாம் அம்மா முகம் சுளிப்பதுபோல் இருக்கும்.

வீட்டில் என் மகள் சாந்திக்கு ஆறு வயது. குற்றால அருவியைப் பற்றிச் சொன்னால் ஆர்வமாகத்தான் கேட்பாள். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "உங்க ஊர் அருவிக்கு டிக்கெட் எவ்வளவு? புடவையோட குளிச்சா நீச்சல் குள மாமா திட்ட மாட்டாரா?" என்று கேட்டாள். நம்ம ஊர் என்று சொல்லு என்றேன். யோசித்துவிட்டு, "உங்க நம்ம ஊர்" என்றாள். அந்த மட்டில் லாபம் என்று விட்டுவிட்டேன்.

4

அந்த ஆனி மாதம் சங்கிலியை முதலில் எதிர்த்தவள் பாக்கியம் அக்கா. முடுக்கில் மூத்த கை. நாலு பிள்ளை பெற்றவள், குரலை இறக்கிப் பேசத் தெரியாதவள்.

"சங்கிலிய எடுக்குததுக்கு முன்ன அருவியில தலையக் காட்டுவோம். பத்து நாளு. கோட்டி தெளியுதான்னு பாப்போம். தெளியலன்னா பொறவு ஒங்க இஷ்டம்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கெங்கிருந்தோ கூட்டி வருவார்கள். அருவிக்கு மூன்று மைலில் இருந்துகொண்டு நாங்கள் போவது வருஷத்துக்கு ஒருமுறைதான். அம்மா சம்மதித்தாள்.

விடியற்காலையில் புறப்பட்டோம். பாக்கியம் அக்கா, முடுக்கில் பீடி சுற்றும் இன்னும் நான்கு பெண்கள், அம்மா, நான், நடுவில் மதினி. தூக்குவாளியில் புளிச்சோறு. எண்ணெய்ப் புட்டி என் கையில். மதினிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்பது ஐந்தாறு நிமிஷம்தான் நினைவில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான். வேலையை விட்டு, வீட்டை விட்டு, பத்து நாள் தொடர்ந்து அருவிக்குப் போக எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு எந்தக் காரணம் கிடைக்கும்?

பேரருவியில் நல்ல தண்ணீர். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேச்சு கேட்காது. பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியடித்தது. நாங்கள் ஓரமாக, தண்ணீர் தெறித்து விழுகிற பாறைக்கு அருகில் நின்றோம். தள்ளி நில்லுங்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தள்ளி நிற்க நாங்களே பழகியிருந்தோம். மற்றவர்கள் குளித்து முடிந்து வெயில் ஏறிய பிறகு மீதி நேரத்தில் நனைவோம்.

முதல் இரண்டு நாள் அப்படித்தான் போனது. மூன்றாம் நாள் பாக்கியம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, அருவி இரைச்சலையும் மீறி ஒரு கத்துக் கத்தினாள்.

"வழி விடுங்கம்மா! கோட்டிக்காரி வாரா! கடிச்சாலும் கடிச்சிருவா!"

கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்தது. பட்டுப்புடவைகள் எல்லாம் பாறையோடு ஒட்டிக்கொண்டன. நடுவில், தண்ணீர் முழுசாக விழுகிற இடத்தில், நாங்கள் எட்டுப் பேரும் போய் நின்றோம். பிறந்ததில் இருந்து அந்த இடத்தில் நான் நின்றதில்லை. மண்டையில் மத்தளம் வாசித்தது தண்ணீர். மூச்சு முட்ட முட்ட சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள்.

மிச்ச ஏழு நாளும் அதே கூப்பாடு, அதே இடம். "ஏ இசக்கி, ஒன் புண்ணியத்துல நாங்களும் மகராணிமாரு மாதிரி குளிக்கோம்ட்டி" என்று பாக்கியம் அக்கா மதினியின் தலையில் எண்ணெயை வைத்து அறைந்து தேய்ப்பாள். மதினியின் உதட்டோரம் ஏதோ அசைந்தது என்று அவள் சத்தியம் செய்தாள். நான் பார்க்கவில்லை.

பத்தாம் நாளும் மதினி பேசவில்லை. திரும்பி வரும் வழியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா முன்னால் வேகமாக நடந்தாள். திடீரென்று பாக்கியம் அக்கா என் தோளைக் கிள்ளி, "அவ கையப் பாரு" என்றாள்.

மதினி தன் ஈர முந்தானையின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகர்கிறது, ஆள்காட்டி விரல் அழுத்துகிறது, நுனியில் வந்து மடிக்கிறது. பிரித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கை வேலை அது.

"வாய்தாம்ட்டி நின்னுருக்கு. கை சுத்துது" என்றாள் பாக்கியம் அக்கா.

5

மறுநாள் முடுக்கில் மதினிக்கு நடுவில் இடம் போட்டார்கள். அவள் மடியில் சொளவு வைக்கவில்லை. சும்மா உட்கார வைத்தார்கள். பிறகு பாக்கியம் அக்கா தன் திட்டத்தைச் சொன்னாள். மதினிக்குக் கோணல் பீடியைக் கண்டால் பொறுக்காது என்று நமக்குத் தெரியும். அப்படியானால் ஆளுக்குப் பாதிப் பீடியைக் கோணலாகச் சுற்றுவோம், அவள் கண் முன்னால் போடுவோம். எத்தனை நாள் பொறுக்கிறாள் என்று பார்த்துவிடலாம்.

இதைவிடப் பெரிய கோட்டித்தனம் எதுவும் இல்லை என்று அம்மா சொன்னாள். ஆனாலும் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

எத்தனை விதமான பீடிகள்! ஒன்று வயிறு வீங்கியிருக்கும், ஒன்று தலையில்லாமல் இருக்கும், ஒன்றில் நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றிப் பம்பரமாக்கியிருப்பார்கள். கடைக்கார அண்ணாச்சி நான்காம் நாள் கூடையோடு தலையில் அடித்துக்கொண்டார். "ஒங்க முடுக்குக்கே கோட்டி பிடிச்சிட்டா? இதப் பத்த வச்சா வாயி மட்டுமில்ல, மீசையும்லா எரியும்!" என்றார். பாக்கியம் அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அண்ணாச்சி கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு திட்டவில்லை, கோணலைக் கழித்துவிட்டு நேரானதை எடுத்துக்கொண்டார்.

மதினி பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சாரல் காற்று முடுக்குக்குள் புகுந்து தூளைக் கிளப்பும், எல்லோரும் தும்முவோம், அவளும் தும்முவாள். அதற்கே "தும்மிட்டாட்டி!" என்று கொண்டாடுவோம். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. அருவியில் தண்ணீர் மெலிகிறது என்று வழிப்போக்கர்கள் சொன்னார்கள். அம்மா ஆணியில் இருந்த சங்கிலியை எடுத்து எண்ணெய் போட்டு வைத்தாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. நான் வேலை பழகுகிறவள். என் இடம் எதிர்ச் சுவரோரம், மதினிக்கு நேர் எதிரே. ஒரு பீடியைச் சுற்றி முடித்துச் சொளவில் வைத்தேன். சடக்கென்று ஒரு கை வந்தது. மதினி அதை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிரித்தாள். தூளைக் கொட்டினாள்.

"ஏட்டி மூதி," என்றாள். குரல் துருப்பிடித்துக் கிடந்தது. "எலையத் தலகீழா வச்சிச் சுத்துதியே, வெளங்குமா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாக்கியம் அக்காதான் முதலில், சாதாரணமாகக் கேட்பதுபோல், "நீதான் செத்த நேரம் சொல்லிக் குடேன்" என்றாள். மதினி என் சொளவைத் தன் மடிக்கு இழுத்தாள். இலையைத் திருப்பி வைத்துச் சுற்றிக் காட்டினாள். நான் அழுதுகொண்டே பார்த்தேன். புகையிலைத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அதன் பிறகும் பேசாத நாட்கள் இருந்தன, எழுந்திருக்காத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் முடுக்கு முறை வைத்துக்கொண்டது, தினமும் ஒருத்தி சொளவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவாள். ஆவணியில் ஆய்க்குடியில் இருந்து பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். முதலில் பாக்கியம் அக்கா மடியில் வைத்து, பிறகு மதினி மடியில். பிள்ளைக்குக் கோமதி என்று பெயர் வைத்தார்கள். அம்மா அந்த மாட்டுச் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதை உத்தரத்தில் போட்டு அதில் கோமதிக்குத் தொட்டில் கட்டினாள்.

6

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. முத்து முத்தான கையெழுத்து.

'அன்புள்ள அத்தைக்கு, கோமதி எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டுமாம். பள்ளிக்கூடத் தமிழாக்கினால் அடிப்பாளாம்.

ஏட்டி மாரி, ஒன் காயிதம் கெடச்சிது. எழுதட்டுமான்னு கேட்டிருக்க. இதுல கேக்க என்ன இருக்கு? எனக்கு வந்தது ஒரு சீக்கு. நான் களவாண்டா போனேன்? எம்பேர எழுது. இசக்கின்னு அரகொறையா எழுதாத, இசக்கியம்மாள்னு முழுசா எழுது. வைத்தியம் பாத்தது ஆருன்னு கேக்கானாம்லா. பாக்கியம் அக்கா, செல்லம்மா, வள்ளி, சின்னத்தாயி, எஸ்தரு, அஞ்சு பேரையும் எழுது. ஒங்கம்மை பேரையும் எழுது, சங்கிலியத் தொட்டிலாக்குனது அவியதான். கடைசில ஒன் பேர எழுது.

இன்னொண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. அவளுவ நடிக்காளுவன்னு எனக்கு மொத நாளே தெரியும். அத்தன வருசம் சுத்துன கைக்குக் கோணலாச் சுத்த வருமாட்டி? தலைய மட்டும் பிச்சுப் போட்டுட்டு ஓரக்கண்ணால என்னையப் பாப்பாளுவ. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பாத்தான் இருந்துச்சு, வெளிய வர வழியில்ல. நீ அன்னைக்கு ஒண்ணு சுத்துன பாரு, நாக்கத் துருத்திக்கிட்டு, மூச்சப் பிடிச்சிக்கிட்டு. அதுதாம்ட்டி நடிப்பில்ல. இந்தப் பிள்ள நெசமாவே இப்படித்தான் சுத்துது, நான் எந்திரிக்கலன்னா இது வெளங்காதுன்னு தோணிட்டு.

பின்குறிப்பு: அத்தை, நான் சுற்றுவதையும் அம்மா பிரித்துத்தான் போடுகிறாள். இப்படிக்கு, கோமதி.'

சமையலறையில் நின்றபடி படித்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சாந்தி ஓடி வந்து என்ன என்று கேட்டாள். மதினி என்னைத் திட்டியிருக்கிறாள் என்றேன்.

பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் திட்டத்தை மறந்திருந்தேன். இரண்டு வாரம் கோணலாகவே சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், பாக்கியம் அக்காவிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று, ஒரே ஒரு பீடியை என்னால் முடிந்த மட்டும் நன்றாகச் சுற்றினேன். என் ஆயுசிலேயே சிறந்த பீடி அதுதான் என்று நினைத்துச் சொளவில் வைத்தேன். அதைத்தான் மதினி பிரித்துக் கொட்டினாள்.

பதினான்காம் கேள்விக்கு 'உண்டு' என்று எழுதினேன். இசக்கியம்மாள், அண்ணன் மனைவி. சிகிச்சை அளித்தவருக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். தனித்தாள் ஒட்டி ஏழு பெயர்களையும் எழுதி அனுப்பினேன். அலுவலகப் பெண் உடனே போன் செய்தாள்.

"இந்த இடத்தில் டாக்டர் பெயர் மட்டும்தான் எழுத வேண்டும், மேரி."

"அவர்கள்தான்."

"ஏழாவது உன் பெயர் மாதிரி இருக்கிறதே?"

"என் பெயர்தான்."

"முகவரி ஒன்றுதான் போட்டிருக்கிறாய். ஏழு பேருக்குமா?"

"ஆமாம். எல்லோரும் ஒரே முடுக்கு."

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் ஒட்டுத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, இவர்களில் நிபுணர் யார் என்று கேட்டார். கடைசிப் பெயர்தான் என்றேன். என் இங்கிலீஷில் அரைமணி நேரம் கதையைச் சொன்னேன். சொளவுக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் கையால் காட்டினேன். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதினிக்கு அன்று மருந்து கிடைத்திருந்தால் சீக்கிரமே தெளிந்திருப்பாள். ஆனால் பஞ்சாலைச் சந்துகளில் இருந்து வரும் பெண்களுக்கு மாத்திரையும் நாற்காலியும் கொடுத்து ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்டால் எப்படி என்றேன். அவர்களை நம்பி இங்கே ஒரு வேலையும் இல்லையே என்றேன். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் டாக்டர். ஒரு மேஜை, ஒரு மூட்டை கோதுமை மாவு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்று சொன்னேன்.

7

வேலை கிடைத்தது. மேஜையும் கிடைத்தது. மாவு வர இரண்டு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை ஐந்து பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். சுபைதாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து என் எதிரே உட்கார வைத்தேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தென்காசிக்காரி, அரிசிச் சோற்றில் வளர்ந்தவள். சப்பாத்தி என்பது இங்கே வந்த பிறகு, வீட்டுக்காரரின் பஸ் தோழர்கள் வீட்டில் பார்த்ததுதான். மாவைக் கொட்டினேன், தண்ணீர் விட்டேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த மட்டும் நன்றாகப் பிசைந்தேன்.

மாவு விரலோடு ஒட்டியது. இன்னும் மாவு போட்டேன், கல்லாக இறுகியது. இன்னும் தண்ணீர் விட்டேன், கூழானது. மேஜையின் மறுபக்கம் யாரோ நெடுமூச்சு விடுவது கேட்டது.

சடக்கென்று ஒரு கை வந்து பாத்திரத்தை இழுத்தது. சுபைதா எழுந்து நின்று, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அந்தத் தொனியைக் கேட்டே பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் நன்றாகத் திட்டுகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

இன்றைக்கே மதினிக்கு எழுத வேண்டும்.